நாளைப் போவாரும் நமது விடுமுறையும்

அரையாண்டுத் தேர்வு முடிந்து, கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவும் நிறைவுற்ற பின், புத்தாண்டு வரையில் உள்ள அந்த ஒரு வாரம் நம் குடும்பங்களுக்கு வாய்க்கும் அரிய ஓய்வுக் காலம். பனி விழும் காலைகளில் பிள்ளைகளோடும் கட்டுச்சோற்றோடும் பேருந்திலும் வாடகை வண்டியிலும் புறப்படுகிறோம். சிலர் வேளாங்கண்ணிக்கும், சிலர் மலைநாட்டிற்கும் செல்கின்றனர். மக்கட்பேற்றின் பயனாக, கடல் கடந்து உரோமை, பிளாரன்சு, வெனிசு என இத்தாலிய நகர்களைச் சுற்றிவரும் பெற்றோரும் இன்று நம் பங்குகளில் உண்டு. அவர்கள் கொண்டுவரும் படங்களைக் கண்டு மகிழ்கிறோம்.

எனினும், 1953 முதல் நம் உயர்மறைமாவட்டத்தின் பெயரிலேயே இடம்பெற்றிருக்கும் கடலூரையும், அதற்குத் தெற்கே ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லாத தொலைவில் உள்ள சிதம்பரத்தையும் நம்மில் எத்தனை பேர் நின்று நிதானித்துப் பார்த்திருக்கிறோம்? பழைய இத்தாலிய நகர் ஒன்றில் காணக்கூடிய துறைமுகம், இடிந்த கோட்டை, வானளாவிய கோபுரம், ஒரு சமயத்தின் மேல் மற்றொரு சமயம் படிந்த மண், புனிதர்களின் அடிச்சுவடு ஆகிய யாவும் இவ்விரு ஊர்களிலும் உள்ளன.

ஆனால், ஒரு நகரைப் பார்ப்பது என்றால் என்ன? வெனிசுக்குச் செல்வோர் புனித மாற்கு பேராலயத்தின் பொன்மணிச் சித்திரங்களைக் கண்டு வியக்கின்றனர். அதே நகரில்தான் 1516ஆம் ஆண்டு யூத மக்கள் ஒரு சிறு தீவுப் பகுதியில் ஒதுக்கப்பட்டு, இரவில் வாயில்கள் பூட்டப்பட்டன. 'கெட்டோ' என்ற சொல்லை உலகிற்குத் தந்தது அப்பகுதியே. 1797இல் நெப்போலியனின் படைகள் வந்த போதுதான் அவ்வாயில்கள் அகற்றப்பட்டன. பேராலயத்தை மட்டும் கண்டு திரும்பியவர் பாதி நகரையே கண்டவர். தொன்மையான எந்த நகரிலும் கோபுரம் இருக்கும். அதன் அருகே ஒரு பூட்டிய வாயிலும் இருக்கும். இரண்டையும் காண முயல்வோம்.

குண்டு அளந்த ஊர்

கெடிலமும் உப்பனாறும் பெண்ணையாறும் கடலைச் சேரும் பகுதியில் அமைந்தது கடலூர். கூடலூர் என்பதே பழம்பெயர் என்பர். மஞ்சக்குப்பத்திலிருந்து கிழக்கே சென்றால் தேவனாம்பட்டினம். இன்று வெள்ளிக் கடற்கரை என்று மக்கள் மாலைக் காற்று வாங்கும் இடத்திற்கு அருகே, ஆற்றங்கரையில், புனித தாவீது கோட்டையின் எச்சங்கள் உள்ளன.

1690ஆம் ஆண்டு செஞ்சியில் இருந்த மராத்திய மன்னர் இராஜாராம், முகலாயப் படையின் நெருக்கடியில் பொருள் தேவைப்பட்டமையால், தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றார். அப்போது சென்னையில் கம்பெனியின் ஆளுநராக இருந்தவர் எலிகு யேல். அமெரிக்காவில் இவரது பெயரைத் தாங்கிப் புகழோடு விளங்குவதே யேல் பல்கலைக்கழகம். வேல்சு நாட்டுக் குடியில் வந்தவராதலின், அந்நாட்டுக் காவலரான புனித தாவீதின் பெயர் கோட்டைக்கு வாய்த்தது என்று கூறுவர்.

விற்பனைக்கு ஒரு விந்தையான நிபந்தனை இருந்தது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு விழும் எல்லை வரை உள்ள நிலம் எல்லாம் கம்பெனிக்கு உரியது. அவ்வாறே நாற்புறமும் குண்டுகள் சுடப்பட்டன. அவை விழுந்த வட்டத்திற்குள் அகப்பட்ட சிற்றூர்கள் ஒரே நாளில் கை மாறின. 'குண்டுக் கிராமங்கள்' என்று அவை வழங்கப்பட்டன. குண்டு உப்பலவாடி என்னும் ஊர்ப்பெயர் இன்றும் அந்நாளை நினைவூட்டுகிறது. ஏர் பிடித்தவனையும் வலை வீசியவனையும் எவரும் ஒரு சொல் கேட்கவில்லை. காலையில் மராத்தியர் குடியாக எழுந்தவன், வெடியோசை கேட்ட பின் கம்பெனியின் குடியானான்.

பிரெஞ்சுக்காரர் 1746இல் சென்னையைக் கைப்பற்றிய போது, சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடம் இக்கோட்டைக்கு மாறிற்று. 1752 வரை அவ்வாறே இருந்தது. சென்னையிலிருந்து தப்பிவந்த இளம் எழுத்தரான இராபர்ட் கிளைவ், எழுதுகோலை விட்டு வாளை எடுத்தது இங்கிருந்த நாள்களில்தான். 1758 ஜூன் மாதம் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து அரண்களை இடித்தார். இத்தகைய போர்களில் ஆலயங்களும் கை மாறின. கத்தோலிக்கக் குருக்கள் பிரெஞ்சுக்காரருக்கு உதவுவர் என்ற ஐயத்தால், 1749இல் அவர்கள் கடலூரை விட்டு வெளியேற்றப்பட்டனர். அவர்களது ஆலயம் சீர்திருத்தச் சபையின் மறைப்பணியாளரான கீர்னாண்டரிடம் ஒப்படைக்கப்பட்டது. அரசுகளின் பகையில் இறைமக்களின் பிரிவினையும் ஒரு கருவியாயிற்று.

இவ்வூரின் போர்களுள் மிகத் துயரமானது 1783ஆம் ஆண்டினது. ஜூன் 13ஆம் நாள் கடலூர் அரண்களுக்கு வெளியே பெரும் சண்டை. ஜூன் 20ஆம் நாள் கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரெனும் ஆங்கிலேயரான ஹியூசும் மோதினர். இரு நாடுகளும் அமைதிக்கான முதல் உடன்படிக்கையில் கையெழுத்திட்டதோ அதே ஆண்டு ஜனவரி 20ஆம் நாள்! சரியாக ஐந்து மாதங்கள் கழிந்திருந்தன. செய்தி கடல் கடந்து வருவதற்குள் எத்தனையோ உயிர்கள் மாண்டன. அமைதியின் செய்தியைக் காலந்தாழ்த்தாமல் எடுத்துச் செல்பவரின் கடமை எத்தகையது என்பதை, வானதூதர் இடையர்களுக்கு உரைத்த நற்செய்தியை ஆண்டுதோறும் வாசிக்கும் நாம் இவ்விடத்தில் நின்று எண்ணலாம்.

பாதிரி மரத்தின் நிழலில்

கடலூரின் மற்றொரு பகுதி திருப்பாதிரிப்புலியூர். பாதிரி மரத்தைத் தலமரமாகக் கொண்ட பாடலீசுவரர் கோவில் இங்குள்ளது. ஆனால், கோவிலுக்கு முந்திய மற்றொரு புகழும் இவ்வூருக்கு உண்டு. கி.பி. 458ஆம் ஆண்டில், காஞ்சியைப் பல்லவ மன்னன் சிம்மவர்மன் ஆண்ட காலத்தில், சர்வநந்தி என்னும் சமண முனிவர் உலகின் அமைப்பை விளக்கும் 'லோகவிபாகம்' என்ற நூலை எழுதி முடித்தது பாடலிகை என்னும் ஊரில். அப்பாடலிகை இதுவே என்பர் ஆய்வாளர். பிற்காலத்தில் அப்பராகப் போற்றப்பெற்ற திருநாவுக்கரசர், தருமசேனர் என்ற பெயரோடு இங்கிருந்த சமணப் பள்ளியில் தலைமை பெற்று விளங்கினார். திருவதிகையில் வாழ்ந்த தமக்கையார் திலகவதியாரின் கண்ணீரும் வேண்டுதலுமே அவரைச் சைவத்திற்குத் திருப்பின என்கிறது பெரியபுராணம். புனித அகுஸ்தீனாரின் தாய் மோனிக்காவை அறிந்த நமக்கு இக்கதை அயலானதன்று.

கல்லில் பிணித்துக் கடலில் எறியப்பட்ட அப்பர், அக்கல்லே தெப்பமாக மிதந்து கரை சேர்ந்தார் என்று சைவர் நம்புகின்றனர். 'கரையேறவிட்டகுப்பம்' என்று ஓர் ஊரே அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. சமணப் பள்ளியோ மறைந்துவிட்டது. அதன் கற்களைக் கொண்டு மன்னன் திருவதிகையில் கோவில் எடுத்தான் என்று பெரியபுராணமே கூறுகிறது. உரோமையில் பாந்தியோன் என்னும் பண்டைய கோவில் 609ஆம் ஆண்டு மரியன்னைக்கும் மறைச்சாட்சியர்க்கும் நேர்ந்தளிக்கப்பட்டு ஆலயமாயிற்று. நகர்கள் இவ்வாறுதான் அடுக்கடுக்காக வளர்கின்றன. மேலடுக்கில் நிற்பவர் கீழடுக்கில் இருந்தவரை மறவாதிருத்தல் பண்பாடு.

இவ்வூரின் சிறையையும் ஒரு கணம் நினைத்தல் தகும். புதுச்சேரியில் பத்தாண்டுகள் அடைக்கலம் புகுந்திருந்த பாரதியார், 1918 நவம்பர் 20ஆம் நாள் எல்லை கடந்ததும் கைதாகிக் கடலூரில் காவலில் வைக்கப்பட்டு, டிசம்பர் 14ஆம் நாள் விடுதலை பெற்றார்.

கடல் கொண்டவர்கள்

கடற்கரையில் பிள்ளைகள் ஓடி விளையாடும் போது சொல்ல வேண்டிய வேறொரு வரலாறும் உண்டு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள். பள்ளி விடுமுறையாதலின் சிறுவர்கள் கரையில் இருந்தனர். காலைப் பொழுதில் எழுந்த ஆழிப் பேரலை, கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், பரங்கிப்பேட்டையை அடுத்த புதுப்பேட்டை, பிச்சாவரத்தின் அருகே தீவாக இருந்த எம்.ஜி.ஆர். திட்டு என்று கரை நெடுகிலும் ஓலம் எழுந்தது. பிச்சாவரத்தில் இன்று நாம் படகில் சென்று கண்டு களிக்கும் சுரபுன்னைக் காடுகள், தம் பின்னே இருந்த சிற்றூர்களில் அலையின் வேகத்தைத் தணித்தன என்று ஆய்ந்தவர்கள் கூறினர். படகில் ஏறும் முன் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுவது அவர்களது மகிழ்ச்சியைக் கெடுக்காது. தாங்கள் மகிழும் இடத்தில் பிறர் அழுதிருக்கின்றனர் என்பதை அறிவதும் கல்வியே.

தில்லையைக் கண்ட இயேசு சபைத் துறவி

சிதம்பரம் மார்கழியில் தன் முழு அழகோடு விளங்கும். திருவாதிரைத் திருநாளில் கூத்தப்பெருமான் தேரேறி வீதி உலா வருவதும், வீடுதோறும் களி செய்வதும் இம்மாதத்தில்தான். கோபுர வாயில்களில் பரத சாத்திரத்தின் 108 கரணங்கள் கல்லில் ஆடுகின்றன. பொன்வேய்ந்த அம்பலத்தின் ஓடுகள் 21,600 என்றும், அது மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சின் எண்ணிக்கை என்றும் கூறுவர். மூச்சையே இறைவனுக்குக் கூரையாக வேய்ந்த கற்பனை வணங்கத் தக்கது.

இக்கோவிலைக் கண்டு எழுதிய தொடக்க கால ஐரோப்பியருள் ஒருவர் நம் திருச்சபையைச் சார்ந்தவர். இந்தியாவில் இருந்த இயேசு சபை இல்லங்களைப் பார்வையிடும் பொறுப்பேற்று வந்த நிக்கோலாசு பிமெந்தா என்னும் போர்த்துகீசியத் துறவி, 1597ஆம் ஆண்டு இப்பகுதிக்கு வந்தார். செஞ்சி நாயக்கர் கிருஷ்ணப்பர் தில்லைக் கோவிலினுள் கோவிந்தராசப் பெருமாள் சன்னதியைப் பெரிதாக எடுப்பித்துக் கொண்டிருந்த காலம் அது. கோவில் அந்தணர்கள் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். நாயக்கர் இணங்காமையால், ஏறத்தாழ இருபதின்மர் கோபுரத்தின் மேலிருந்து குதித்து உயிர் விட்டனர். பிமெந்தாவின் மடலால்தான் இச்செய்தியை வரலாற்றாசிரியர் அறிகின்றனர்.

இன்று நடராசர் சன்னதியையும் பெருமாள் சன்னதியையும் ஒரே இடத்தில் நின்று காணலாம். அன்பர்கள் அங்கு நின்று இருபுறமும் கைகூப்புகின்றனர். அந்த ஓரிடத்தில் நிற்பதற்கு எத்தகைய விலை கொடுக்கப்பட்டது என்பதை அறிந்தவர் சிலர். பிற சமயத்தாரைக் குறைகூறுவதற்காக இதனை நாம் எழுதவில்லை. ஐரோப்பாவில் அதே நூற்றாண்டில் கிறிஸ்தவர்கள் கிறிஸ்தவர்களுக்கு இழைத்த கொடுமைகள் இதனினும் பெரியன. பிமெந்தா வேற்று நாட்டவராகக் கண்டதை, இந்நாட்டவராகிய நாம் உறவினர் வீட்டுத் துயரைக் கேட்பதைப் போலக் கேட்க வேண்டும்.

விடுப்புக் கிடைக்காத மனிதர்

இனி, நம் தலைப்பிற்கு வருவோம். இந்நகருக்கு வர விரும்பியும் வர இயலாதிருந்த ஒருவரை நினையாமல் சிதம்பரத்தை விட்டுப் புறப்படுதல் முறையாகாது.

ஆதனூரில் புலைப்பாடியில் வாழ்ந்தவர் நந்தனார். கோவில் முரசங்களுக்குத் தோலும், யாழுக்கு நரம்பும் அளித்து வந்தவர். அவர் கொடுத்த தோல் உள்ளே ஒலித்தது. அவர் வெளியே நின்றார். தில்லையைக் காண வேண்டும் என்ற வேட்கை எழும். குலத்தின் தடை நினைவிற்கு வரும். 'நாளைப் போவேன்' என்பார். அதனால் திருநாளைப்போவார் என்று பெயர் பெற்றார் எனச் சேக்கிழார் பாடினார். அந்நூல் அரங்கேறியதாகக் கூறப்பெறும் ஆயிரக்கால் மண்டபமும் இக்கோவிலிலேயே உள்ளது. தில்லை எல்லையைச் சுற்றிச் சுற்றி வந்த நந்தனார், இறுதியில் தீக்குளித்து, முனிவர் உருக்கொண்டு எழுந்து உள்ளே சென்றார் என்பது புராணம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இக்கதையைக் கீர்த்தனைகளாக ஆக்கிய போது, சேக்கிழாரிடம் இல்லாத ஒருவரைப் படைத்தார். அவர்தாம் நந்தனாரின் ஆண்டையாகிய வேதியர். மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரம் செல்ல விடை கேட்கிறார் பண்ணையாள் நந்தனார். விடை கிடைக்கவில்லை. பின்னர், நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்ற நிபந்தனை வருகிறது. ஓரிரவில் இறையருளால் அது முடிகிறது. தஞ்சைத் தரணியின் பண்ணை வாழ்வை நேரில் கண்ட புலவரின் கண் இதில் தெரிகிறது. குலத்தின் தடை கோவில் வாயிலில் தொடங்கவில்லை. வயல் வரப்பிலேயே தொடங்கிவிட்டது என்று அவர் கண்டார். நந்தனாருக்கு நுழைவு மட்டுமா மறுக்கப்பட்டது? விடுப்பும் மறுக்கப்பட்டது.

அவ்வாயில் தீயினாலன்றி நீதியினால் திறக்கப்பட வேண்டும் என்று பாடுபட்டவர் சுவாமி சகஜானந்தர். 1890இல் பிறந்து, இளமையில் கிறிஸ்தவப் பள்ளியில் பயின்று, பின் துறவு பூண்ட இவர், 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளி தொடங்கினார். சட்டமன்றத்திலும் நெடுங்காலம் பணியாற்றி 1959இல் மறைந்தார். சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் 1947இல் நிறைவேறியது. கோவிலைக் காணச் செல்வோர் நந்தனார் பள்ளியையும் கண்டு வருதல் நன்று. வடலூர் வழியாகத் திரும்புவோர், இராமலிங்க அடிகளார் 1867இல் தொடங்கிய தருமசாலையில், சாதி கேளாமல் அனைவருக்கும் சோறிடும் அடுப்பு அணையாதிருப்பதையும் காணலாம்.

நம் வீட்டுச் சுவர்

இவ்வளவும் படித்துவிட்டு, 'நம்மிடம் இக்குறை இல்லை' என்று நாம் மகிழ்வதற்கு வரலாறு இடந்தரவில்லை. புதுச்சேரியில் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு, 1745 அக்டோபர் மாதத்தில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறது. மக்கள் சம்பாக் கோவில் என்றழைத்த புனித பவுல் ஆலயத்தினுள் ஒரு தடுப்புச் சுவர் இருந்தது. அதன் ஒருபுறம் ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்; மறுபுறம் ஏனைய கிறிஸ்தவர். ஒடுக்கப்பட்டோர் குருவிடம் சென்று, தாங்களும் இறைவனின் பிள்ளைகளெனில் இவ்வேறுபாடு ஏன் என்று வினவினர். குருவின் மனம் அசைந்தது, சுவர் இடிக்கப்பட்டது. இன்று நாம் காணும் பேராலயம் 1791இல் எழுந்தது. அந்தப் பழைய ஆலயம் போரில் அழிந்துவிட்டது. ஆயினும், செங்கற்சுவர் வீழ்ந்த பின்னும், தனி இடம், தனித் தேர்த்தெரு, தனிக் கல்லறை என்று அது வேறு உருவில் தமிழகத் திருச்சபையில் தொடர்ந்ததை நாம் அறிவோம்.

எருசலேம் கோவிலிலும் ஒரு தடுப்பு இருந்தது. பிற இனத்தார் அதனைக் கடந்தால் சாவே என்று எச்சரிக்கும் கிரேக்கக் கல்வெட்டு ஒன்று 1871இல் கண்டெடுக்கப்பட்டு, இசுத்தான்புல் அருங்காட்சியகத்தில் உள்ளது. பிரித்து நின்ற சுவரைக் கிறிஸ்து தம் உடலில் தகர்த்தார் என்று எபேசியருக்கு எழுதிய திருமுகம் உரைப்பது இத்தகைய ஒரு சுவரை மனத்தில் கொண்டே என்று மறைநூல் அறிஞர் பலர் கருதுகின்றனர். அச்சுவரைப் பற்றிய வாசகத்தைச் சுவர் வைத்த ஆலயத்தினுள்ளேயே நம் முன்னோர் வாசித்துக் கேட்டனர் என்பதுதான் வேதனை.

யாருக்கு ஓய்வு?

ஓய்வு நாள் கட்டளை விவிலியத்தில் இருமுறை வருகிறது. விடுதலைப் பயண நூல், இறைவன் படைப்பை முடித்து ஓய்ந்தமையை அதற்குக் காரணமாகக் காட்டுகிறது. இணைச்சட்ட நூலோ வேறொரு காரணம் சொல்கிறது. எகிப்தில் நீங்களும் அடிமைகளாய் இருந்தீர்கள். ஆகவே உங்கள் வேலைக்காரனும் வேலைக்காரியும் உங்களைப் போலவே ஓய்ந்திருக்கட்டும் என்பது அதன் பொருள். நந்தனாரின் ஆண்டை மறுத்தது இதனையே. ஓய்வு ஆண்டை அளிக்கும் சலுகையன்று; அடிமைத்தனத்தினின்று மீட்கப்பட்டவர் யாவருக்கும் இறைவன் அளித்த உரிமை.

கிறிஸ்து பிறப்பு விழாவை அடுத்துத் திருக்குடும்ப விழாவைக் கொண்டாடுகிறோம். யோசேப்பும் மரியாவும் ஆண்டுதோறும் எருசலேமுக்குச் சென்றனர் என்றும், பன்னிரண்டு வயதில் உடன் சென்ற இயேசு ஆலயத்தில் அமர்ந்து வினாக்கள் எழுப்பினார் என்றும் லூக்கா எழுதுகிறார். நம் பிள்ளைகளும் கேட்பார்கள். "குண்டு விழுந்த நிலத்தில் இருந்தவர்களை ஏன் யாரும் கேட்கவில்லை? நந்தனார் ஏன் தீயில் இறங்க வேண்டும்? நம் கோவிலில் ஏன் சுவர் இருந்தது?" விடை தெரியாத இடத்தில் பேச்சை மாற்றாமல், அவர்களோடு சேர்ந்து நாமும் சற்று நேரம் நிற்போமாக.

இன்னும் ஒன்று. நாம் ஊர் சுற்றும் அந்நாள்களில் வண்டியோட்டியவர் தம் பிள்ளைகளோடு விழா கொண்டாடினாரா? நம் இல்லத்தில் பாத்திரம் துலக்கும் அம்மையாருக்கு மார்கழியில் ஒரு நாளேனும் விடுப்பு உண்டா? பங்கு இல்லத்துச் சமையலரும், ஆலயம் பெருக்குபவரும், குடில் அமைத்த இளைஞர்களுக்கு நள்ளிரவு வரை தேநீர் கொடுத்தவரும் விழா முடியும் வரை ஓயாது உழைப்பவர்கள். புத்தாண்டின் முதல் வாரத்தில் அவர்களுக்குக் கூலி குறையாத விடுப்பும், குடும்பத்தோடு சென்று வர வழிச்செலவும் கொடுப்பதைப் பங்குப் பேரவைகளும் இல்லங்களும் இவ்வாண்டு முதல் வழக்கமாக்கலாம். கடலூருக்கும் சிதம்பரத்திற்கும் பேருந்துக் கட்டணம் பெரிய தொகையன்று. 'நாளைப் போவேன்' என்று அவர்களும் ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.